பக்கவாதத்துக்குப் பிந்தைய மறதியும் கவனக்குறைவும்: கடையில் கிடைப்பவற்றில் எது உருப்படி?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கென்று வாங்கிக் குவிக்கும் சாமான்களில் பெரும்பாலானவை கைக்கும் காலுக்கும் ஆனவை. பிடித்து அமுக்கும் பந்து, நாலுகால் ஊன்றுகோல், கதவில் மாட்டும் கப்பி. தலைக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு டானிக் பாட்டிலை நீட்டுவார். பேரன் போனில் ஒரு கேம் ஏற்றித் தருவான். மாத்திரை போட மறப்பது, அடுப்பை அணைக்காமல் வருவது, தட்டின் இடப்பக்கச் சோற்றை அப்படியே விட்டு எழுவது, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது ஆகியவற்றுக்கும் சாமான் உண்டு. மாத்திரைப் பெட்டி, அலாரம், காலண்டர், நோட்டு, பயிற்சித் தாள், ஆப், வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் என்று ஏழெட்டு வகை. எது எதற்கு உதவும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அன்றாடம் ஆகவேண்டிய காரியத்தோடு ஒட்டிக்கொள்ளும் சாமானுக்குக் காசு கொடுக்கலாம். தன் மதிப்பெண்ணைத் தானே கூட்டிக் காட்டும் சாமானுக்குக் கொடுக்க வேண்டாம். முதல் இரண்டு இடத்தைப் பிடிப்பவை ஏற்கெனவே வீட்டில் இருப்பவைதான்: போன் அலாரமும் தினசரி காலண்டரும்.

வாங்குவதற்கு முன்

வீட்டார் மறதி என்று சொல்வது பல சமயம் மறதியே அல்ல. சொன்னது காதில் விழுந்தும் மனதில் ஏறாதது, வார்த்தை வராமல் தடுமாறியது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றது எல்லாவற்றுக்கும் வீட்டில் அந்த ஒரே பெயர். எது பழுது என்று தெரியாமல் வாங்கினால் பாதிச் சாமான் பரணுக்குப் போகும்.

ஞாபகம், கவனம், பேச்சு எல்லாவற்றையும் சுருக்கமாக அளக்க நரம்பியல் மருத்துவமனைகளில் அதிகம் செய்வது மோகா பரிசோதனை. கனடாவின் மான்ட்ரியலில் உருவானது, 2005இல் வெளியானது, தமிழிலும் இருக்கிறது. பத்து நிமிடம், 30 மதிப்பெண். 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. பள்ளிப்படிப்பு 12 ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். பக்கவாதக்காரருக்கு இதில் ஒரு கோளாறு உண்டு. பேச்சு பாதித்தவர் ஞாபகக் கேள்வியிலும் தோற்பார், ஏனென்றால் பதில் வாயில் வராது. எழுதும் கை விழுந்தவர் கடிகாரம் வரைவதில் தோற்பார். ஆக, 17 வாங்கினார் என்ற மொத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தாளை வாங்கி எந்தப் பகுதியில் குறைந்தது என்று பாருங்கள். முக்கியமாக ஒன்று: ஐந்து வார்த்தைகளைத் திரும்பச் சொல்லத் திணறியவருக்குக் குறிப்புக் கொடுத்ததும் ஞாபகம் வந்ததா? வந்தது என்றால் சரக்கு உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். இவருக்கு அலாரமும் சீட்டும் நன்றாக வேலை செய்யும். குறிப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் புதியது உள்ளே ஏறவே இல்லை. இவருக்கு ஒரே செயலை ஒரே முறையில், தப்பு செய்ய இடம் கொடுக்காமல், நாள்கணக்கில் பழக்க வேண்டியிருக்கும்.

பக்கவாதத்துக்கென்றே செய்தது ஆக்ஸ்ஃபோர்டு அறிதிறன் பரிசோதனை, 2015இல் வந்தது. வாய்ப்பேச்சுக்குப் பதிலாகச் சுட்டிக்காட்டியும் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்பது இதன் பெரிய வசதி. இதில் ஓர் இதயத் தாள் இருக்கிறது. ஒரே பக்கத்தில் 150 இதயப் படங்கள். 50 முழுசு, 50க்கு இடப்பக்கம் ஓட்டை, 50க்கு வலப்பக்கம் ஓட்டை. முழுசானதை மட்டும் அடிக்க வேண்டும். தாளின் இடப்பாதியைத் தொடாமலே விடுபவர் ஒரு வகை. தாள் முழுக்கப் போய், ஆனால் இடப்பக்கம் ஓட்டையுள்ள இதயங்களையும் முழுசு என்று அடிப்பவர் இன்னொரு வகை. இருவருக்கும் தேவைப்படும் பயிற்சி வேறு.

போன் அலாரம்

பேஜர் காலத்திலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். நியூரோபேஜ் என்ற சேவையில், குறித்த நேரத்தில் ‘மாத்திரை போடு’, ‘கதவைப் பூட்டு’ என்று இடுப்பில் மாட்டிய பேஜருக்குச் செய்தி வரும். மூளைக் காயம்பட்ட மகனுக்காக அமெரிக்காவில் ஒரு பொறியாளர், நரம்பியல் உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து செய்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழு 143 பேரிடம் 16 வாரம் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பேஜர் இருந்தபோது காரியங்களைக் கணிசமாக அதிகம் முடித்தார்கள். நமக்கு வேண்டிய செய்தி அதற்குப் பின்னால் வந்தது. அந்தக் கூட்டத்தில் பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய்ப் பாதிப்பால் வந்த 36 பேரை மட்டும் 2008இல் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, பேஜரைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் அவர்கள் பழைய நிலைக்கே திரும்பியது தெரிந்தது. தலையில் அடிபட்டவர்களுக்குப் பழக்கம் ஓரளவு நின்றது, இவர்களுக்கு நிற்கவில்லை. எனவே ‘ரெண்டு மாசமா ஒழுங்கா போடறார், இனி அலாரம் வேண்டாம்’ என்று நிறுத்துவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. மூக்குக்கண்ணாடியை யாரும் இரண்டு மாதத்தில் கழற்றி வைக்கச் சொல்வதில்லை.

பேஜர் செய்ததை இன்றைக்குச் சாதாரண ஆண்ட்ராய்டு போனே செய்யும். அமைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அலாரத்துக்குப் பெயர் வைக்கும்போது பொருளை எழுதாமல் செயலை எழுத வேண்டும். ‘மாத்திரை’ என்று போடாதீர்கள். ‘காலைப் பெட்டியைத் திற, தண்ணீரோடு விழுங்கு’ என்று போடுங்கள். ஓர் அலாரத்துக்கு ஒரு காரியம் மட்டும். பல போன்களில் பதிவு செய்த குரலையே அலாரம் ஒலியாக வைக்கலாம். வீட்டில் ஒருவர் ‘அப்பா, எட்டு மணி. பச்சைப் பெட்டி மாத்திரை போடுங்க’ என்று பத்து விநாடிக்குள் பேசிப் பதிந்து வைத்தால், படிக்கத் திணறுபவருக்கும் அது போய்ச் சேரும். வெறும் மணி அடித்தால் எதற்கு அடித்தது என்பதே மறந்துபோகும்.

ஸ்னூஸ்தான் முதல் எதிரி. விரல் பழக்கத்தில் தள்ளிவிடும். தள்ளியவருக்குத் தான் தள்ளியது நினைவிருக்காது. கூகுளின் கடிகார ஆப்பில் பக்கவாட்டு வால்யூம் பொத்தானை அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அதை ‘ஸ்னூஸ்’ என்று விடாமல் ஒலியளவு மாற்றுவதாக வையுங்கள். எத்தனை நிமிடம் அடித்து அடங்க வேண்டும் என்பதையும் அங்கேயே நீட்டலாம். போன் இருக்க வேண்டிய இடம் சட்டைப்பையோ தலையணையோ அல்ல, மாத்திரைப் பெட்டியின் பக்கம். மாத்திரை கையில் வந்த பிறகே அலாரத்தை நிறுத்துவது என்ற ஒரே விதியை, நிஜ நேரத்துக்குக் காத்திராமல், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஒத்திகை பாருங்கள். உண்மையான மாத்திரை வைத்து ஒத்திகை வேண்டாம். அதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைப்பீர்கள், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது எதிரி போனேதான். கடிகார ஆப்பை விட்டு வேறு நினைவூட்டல் ஆப் ஏற்றினால், பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பு அதைப் பின்னணியில் கொன்றுவிடும். மூன்று நாள் ஒழுங்காக அடித்து நாலாம் நாள் அடிக்காமல் போவது இதனால்தான். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து அலாரத்துக்கு மேல் வைத்தால் எதையும் மதிக்கமாட்டார். மாத்திரை நேரங்களைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு, நாலு வேளையை இரண்டாக்குவது அலாரத்தைக் கூட்டுவதைவிட நல்லது.

மாத்திரைப் பெட்டி

பெரிது வாங்கினால் நல்லது என்று 28 அறைப் பெட்டி வாங்கிவிடுகிறார்கள், ஏழு நாளும் நாலு வேளையும். காலை, இரவு மட்டும் மாத்திரை உள்ளவருக்குப் பதினாலு அறை எப்போதும் காலியாகக் கிடக்கும். காலி அறை ஒன்றைப் பார்த்து ‘போட்டாச்சு’ என்று முடிவெடுக்க இதுவே வழி. வேளைக்குத் தக்க அறை மட்டும் உள்ள பெட்டியே சரி. காலி அறைதான் சாட்சி என்பதால், ஒரு நாள் தவறிய மாத்திரையை அறையிலேயே விட்டு வைத்து, நிரப்புபவர் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பேசாமல் எடுத்துக் குப்பையில் போட்டால் அந்த வாரக் கணக்கு போச்சு.

மூடியைக் கடையிலேயே ஒரு கையால் திறந்து பாருங்கள். நகத்தால் நெம்ப வேண்டிய மூடி ஆகாது. அழுத்தினால் எழும் பொத்தான் மூடி நல்லது. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒரு துண்டு வெட்டிப் போட்டால் பெட்டி நகராது.

எழுத்து ஒரு தலைவலி. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் கிழமையின் ஆங்கில முதலெழுத்து மட்டும் அச்சாகியிருக்கும்; அதில் ‘டி’ இரண்டு, ‘எஸ்’ இரண்டு. வெள்ளை ஸ்டிக்கரில் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதி ஒட்டுங்கள். ஏழும் வேறு வேறு. இடப்பக்கத்தைக் கவனிக்காதவருக்குப் பெட்டியைக் குறுக்காக வைத்தால் ஞாயிறும் திங்களும் அவர் கண்ணுக்கே இல்லை. நெடுக்காக வையுங்கள், கிழமைகள் மேலிருந்து கீழே வரும்படி.

எல்லா மாத்திரையும் பெட்டிக்குள் போகக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகட்ரான் கேப்சூல் ஈரம் பட்டால் கெடும். அட்டையிலேயே இருக்க வேண்டும், வேளைக்குத்தான் பிரிக்க வேண்டும். வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட்டும் ஈரத்தை இழுக்கும் சரக்கு. அட்டையைக் கத்தரித்து ஒவ்வொரு துண்டாக அறையில் வைக்கலாம், ஆனால் கூர்முனையை வட்டமாக வெட்டுங்கள். அட்டையோடு விழுங்கியவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகௌமரால் போடுபவருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்தபின் அளவு மாறும். அவர்களுக்கு அடுத்த பரிசோதனை நாள் வரைக்கும் மட்டும் நிரப்புங்கள்.

தினசரி காலண்டர்

கிழமை, தேதி, காலையா மாலையா என்று காட்டும் டிஜிட்டல் கடிகாரங்கள் ஆன்லைனில் நிறைய. எழுத்து பெரிது, வெளிச்சம் நன்று. ஆனால் காட்டுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் சரளமான வீட்டுக்கு வாங்கலாம். மற்றவர்களுக்கு, புது வருஷத்துக்கு நகைக்கடையும் மளிகைக்கடையும் சும்மா தரும் தாள் கிழிக்கும் காலண்டர் இதைவிட மேல். காரணம் கிழிப்பதுதான். கடிகாரத்தைப் பார்ப்பது வெறும் பார்வை. தாளைக் கிழிக்கும்போது கை வேலை செய்கிறது, நேற்று முடிந்தது என்ற கணக்கும் கூடவே பதிகிறது.

காலையில் பல் தேய்த்ததும் அவரே கிழிக்க வேண்டும். அவசரத்தில் மருமகள் கிழித்துவிட்டால் அன்றைய பயன் போனது. ஒட்டிக்கொண்டு இரண்டு தாள் சேர்ந்து வருவது சகஜம். ஆகவே கிழித்தபின் ‘இன்னிக்கு என்ன கிழமை?’ என்று கேட்காமல், கிழமையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் ஊகித்துச் சொல்வார், ஊகம் தப்பானால் அந்தத் தப்பே மனதில் தங்கும். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஆகவேண்டியதை மூன்று வரியில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். ராகுகாலம், எமகண்டம், பொன்மொழி என்று தாள் நிறையப் பொடி எழுத்து இருப்பது ஒரு குறை. கவனம் சிதறுபவருக்குத் தேதி எண்ணைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம்.

ஞாபக நோட்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நோட்டு நல்லதுதான், வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் கெட்டது. நோட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில், எப்போது அதில் எழுத வேண்டும் என்று அடுத்து, வெளியே போகும்போது எப்படிப் பயன்படுத்துவது என்று கடைசியில், மூன்று கட்டமாகப் பழக்காமல் எந்த நோட்டும் இரண்டாம் வாரத்தைத் தாண்டாது.

அடுப்பு

மறதியைவிட ஆபத்து, வரிசை குலைவது. டீ போடத் தெரியும். ஆனால் பால் வைத்துவிட்டு டம்ளர் எடுக்கப் போனவர் அங்கேயே டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார். இதற்குப் பலர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிறார்கள். பாத்திரம் எடுத்தால் சூடு நிற்கும், டைமர் உண்டு என்பதால் நல்ல யோசனை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும். ஆனால் முப்பது வருஷம் கேஸ் குமிழைத் திருப்பிய கை, பத்துப் பொத்தான் உள்ள பலகையைப் புதிதாகப் படிக்க வேண்டும். தொட வேண்டிய இரண்டு பொத்தானுக்கு மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, மற்றவற்றை மறைத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பழைய அடுப்பே இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நின்று, வேலையை ஒன்பது பத்துப் படியாக எழுதி ஒட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு காந்தப் பொத்தானை நகர்த்தச் சொல்லுங்கள். கடைசிப் படி எப்போதும் ரெகுலேட்டரை மூடுவது.

இடப்பக்கம் காணாமல் போனவருக்கு

மூளையின் வலப்பாதியில் அடி விழுந்தால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் இருப்பதே தோன்றாமல் போகலாம். இதற்குப் பயிற்சிப் புத்தகங்கள் விற்கிறார்கள், நட்சத்திரத்தையும் எழுத்தையும் தேடி அடிக்கும் தாள்கள். அச்சு அழகாக இருக்கும், எழுத்து ஆங்கிலமாக இருக்கும். அதற்குப் பதில் செய்தித்தாளும் ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப்பும் போதும். செலவு இருபது ரூபாய்கூட ஆகாது.

ஒரு பத்தியை வெட்டி ஒட்டி, அதன் இடது ஓரத்தில் நெடுக டேப்பை ஒட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் சிவப்பு கண்ணில் பட்ட பிறகே தொடங்க வேண்டும். ‘இடம் போ, சிவப்பைப் பார், இப்போ படி’ என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்; அடுத்த வாரம் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும்; அதற்கடுத்து மனதுக்குள். வரியின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதினால் வரி தவறாது. ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடம். பழகப் பழக டேப்பை மெல்லிய கோடாக்கி, பிறகு எடுத்துவிடலாம்.

தமிழில் ஒரு விசேஷம் உண்டு, எந்த இறக்குமதிப் புத்தகத்திலும் இதற்கு இடமில்லை. வார்த்தையின் இடப்பக்கத்தை விடுபவர் ‘தலைவலி’யை ‘வலி’ என்றும் ‘கடலைமிட்டாய்’ என்பதை ‘மிட்டாய்’ என்றும் படிக்கலாம். இது எளிதில் பிடிபடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பதால் வருவதுதான் நுணுக்கம். கொம்பை மட்டும் விட்டுவிட்டால் ‘கோடு’ ‘காடு’ ஆகும், ‘தோள்’ ‘தாள்’ ஆகும், ‘மோர்’ ‘மார்’ ஆகும். எல்லாமே சரியான தமிழ் வார்த்தை என்பதால் கேட்பவருக்குத் தப்பு தெரியாது. இப்படிப்பட்ட இருபது வார்த்தைகளை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே தவறுகிறது என்று தெரபிஸ்டிடம் காட்ட நல்ல ஆதாரம்.

தாளில் தேறியவர் தட்டில் தேறினார் என்று நினைக்க வேண்டாம். தாளில் கற்றது தாளோடு நின்றுவிடும் என்பதுதான் இந்த வகைப் பயிற்சியின் பெரிய பலவீனம். அடுத்த வாரமே சாப்பாட்டுக்கு வர வேண்டும். வாழையிலையில் நுனி இடப்பக்கம் வரும். உப்பும் ஊறுகாயும் அங்கேதான். இலையின் இடது ஓரத்துக்கு வெளியே ஒரு சிவப்புத் துணி வைத்து, அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். இலையைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தால் அன்றைக்குப் பசி அடங்கும், பயிற்சி நடக்காது. பிறகு கதவு நிலை, பிறகு தெரு. வண்டி ஓட்டுவதைப் பற்றி மதிப்பீடு முடியும்வரை பேச்சே வேண்டாம்.

பிரிஸம் கண்ணாடி என்று ஒன்று உண்டு. பார்வையை வலப்பக்கம் பத்து டிகிரி அளவில் தள்ளும். போட்டுக்கொண்டு இலக்கைத் தொட்டுத் தொட்டுப் பழகி, கழற்றியதும் கை இடப்பக்கம் சாயும். 1998இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டியபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பின்னால் வந்த சோதனைகளில் பலன் ஏறவும் இறங்கவுமாக இருக்கிறது. தெரபிஸ்ட் இடத்தில் போட்டுப் பார்க்கலாம், சொந்தமாக வாங்கத் தேவையில்லை.

ஆப்புகள்

மாதச் சந்தா கட்டச் சொல்லும் மூளைப் பயிற்சி ஆப்புகளைப் பற்றிய உண்மை ஒரு வழக்கில் இருக்கிறது. லூமோசிட்டி ஆப்பின் விளம்பரத்தில் பக்கவாதத்தால் வரும் அறிதிறன் குறைவையும் இந்த விளையாட்டுகள் குறைக்கும் என்ற வாக்குறுதி இருந்தது. அதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. விளையாட விளையாட அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார், அவ்வளவுதான். 2010இல் 11,430 ஆரோக்கியமான மனிதர்களிடம் இணையம் வழியாகச் செய்த பெரிய சோதனையிலும் இதுவே தெரிந்தது: பழகிய விளையாட்டில் மதிப்பெண் ஏறியது, பழகாத வேலைக்கு அது போகவில்லை.

முழுக்க ஒதுக்க வேண்டுமா என்றால் இல்லை. ஒரு இடத்தில் இருபது நிமிடம் உட்கார வைக்க, கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்க இலவச ஆப் போதும். பேச்சு பாதித்தவருக்கு மட்டும் ஆங்கில வார்த்தை விளையாட்டு வேண்டவே வேண்டாம். வீட்டுச் சாமான், தெருக்கடை, பேரப்பிள்ளைகள் என்று முப்பது போட்டோ எடுத்துப் போனில் ஓர் ஆல்பம் போட்டால், ‘இது என்ன?’ என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஆரம்பத்தில் முதல் எழுத்தை நீங்கள் சொல்லிக் கொடுத்து, பிறகு உதட்டை மட்டும் குவித்துக் காட்டி, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

டானிக்குக்கு வருவோம். நம் ஊரில் பக்கவாதச் சீட்டுகளில் அதிகம் தென்படும் சிட்டிகோலின், ஐரோப்பாவில் 2,298 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு வாரம் கொடுத்தார்கள். 2012இல் வந்த முடிவு: 90 நாளில் பார்த்தபோது, கொடுக்காதவர்களைவிட மீட்சி கூடவில்லை. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்; ஆனால் மாதாமாதம் அதற்குப் போகும் பணத்தைத் தெரபிக்குத் திருப்பலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

அழுகை, சலிப்பு, 14416

பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு உண்டு. ஒன்று, காரணமில்லாமல் திடீரென்று பீறிடும் அழுகை, சில சமயம் சிரிப்பு. மகன் வந்தான் என்றதும் அழுவார், அரை நிமிடத்தில் நின்றுவிடும், மனதில் அவ்வளவு துக்கமும் இருக்காது. அப்போது சுற்றி நின்று ‘ஏன் அழறீங்க’ என்று கேட்பது அதை நீட்டவே செய்யும். பேச்சை மாற்றுங்கள், எழுந்து நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். நாளுக்குப் பல தடவை வந்தால் மாத்திரை இருக்கிறது, நன்றாகவே கேட்கும். மற்றொன்று, எதிலும் முனைப்பில்லாமல் போவது. இவரிடம் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்லையே, சும்மாதான் இருக்கேன்’ என்பார். வீட்டில் சோம்பேறி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். இவரிடம் ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்கக்கூடாது. ‘மாடிக்குப் போகலாமா, செடிக்குத் தண்ணி ஊத்தலாமா?’ என்று இரண்டைக் கொடுத்து, கூடவே எழுந்து நிற்க வேண்டும்.

வருமுன் காப்பு என்று எல்லோருக்கும் மனச்சோர்வு மாத்திரை கொடுப்பது சரியல்ல. பிரிட்டனில் 3,127 பேருக்கு நடந்த ஃபோகஸ் சோதனையில், ஃப்ளூஆக்ஸெட்டின் 20 மில்லிகிராம் ஆறு மாதம் கொடுத்தும் அன்றாடச் செயல்திறன் கூடவில்லை. மனச்சோர்வு சற்றுக் குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வு உறுதியானவருக்குக் கொடுப்பது வேறு விஷயம்.

2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை, எண் 14416. இலவசம், நாள் முழுக்க உண்டு, தமிழிலும் பேசலாம். பேச்சு பாதித்த நோயாளிக்குத் தொலைபேசி ஆலோசனை அவ்வளவாக ஒத்துவராது என்பது வெளிப்படை. பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ நல்ல சேவை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் பேசுவது என்று இருப்பவர்கள் அவர்கள்தான்.

வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட்

எல்லாவற்றிலும் செலவு அதிகம் இதற்குத்தான், தரம் அதிகம் மாறுவதும் இதில்தான். ‘ஸ்ட்ரோக் பேக்கேஜ்’ என்று வாங்கினால் பல சமயம் வருவது பிசியோ மட்டும். ஞாபகம், கவனம், சமையல், குளியல் இவற்றுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட். மனதுக்கும் பரிசோதனைக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கடைசி இருவருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

‘வீட்டாருக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம், அப்புறம் நீங்களே செய்துகொள்ளலாம்’ என்ற மலிவுப் பேக்கேஜை அப்படியே நம்ப வேண்டாம். இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடந்த அட்டெண்ட் சோதனை இதைத்தான் சோதித்தது. 2017இல் வந்த முடிவில், குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்ததால் ஆறு மாதத்தில் மரணமோ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. வீட்டார் தேவை, ஆனால் தெரபிஸ்டுக்கு மாற்றாக அல்ல.

முதல் வருகையிலேயே குறிக்கோளை எழுதி வாங்குங்கள். ‘ஞாபகசக்தி கூடும்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ‘நாலு வாரத்தில் ஏழில் ஆறு நாள் காலை மாத்திரையை யாரும் சொல்லாமல் எடுப்பார்’ என்று எழுதினால் அவருக்குத் தொழில் தெரியும். வரும் நேரத்தையும் பேசி முடிவு செய்யுங்கள். பக்கவாதக்காரர்களில் பாதிப்பேருக்குக் களைப்பு ஒரு தனி உபாதை, மதியத்துக்கு மேல் தலை ஓடாது. பிசியோ முடிந்த கையோடு அதே மணி நேரத்தில் ஞாபகப் பயிற்சி வைத்தால் இரண்டாவது அரைமணிக்குக் கொடுக்கும் காசு வீண். காலை ஒன்பதரைக்கு மூளைக்கு, மாலையில் காலுக்கு என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை வரமாட்டேன் என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.